குடும்பத் தலைவருக்கான படி
சமயத் தலைமையும் பெண்களின் ஊதியமும் – பகுதி 9

வில்லியம் பூத்தும் அவர் மனைவி கேதரின் பூத்தும் 1865இல் லண்டனில் தொடங்கிய இரட்சணிய சேனை, பிரசங்க மேடையைப் பெண்களுக்குத் தொடக்கத்திலேயே திறந்துவிட்டதையும், அத்தம்பதியரின் மகள் எவாஞ்சலின் பூத் 1934இல் அச்சேனையின் ஜெனரல் பதவிக்கே தேர்ந்தெடுக்கப்பட்டதையும் சென்ற பகுதியில் கண்டோம். அதே சேனையில் முறையாகப் பயிற்சி பெற்று, அதிகாரியாக நியமிக்கப்பட்டு, அட்லாண்டாவிலுள்ள தலைமையகத்தில் பணியாற்றிய பில்லி மெக்ளூர், தமக்கு ஒப்பான நிலையிலிருந்த ஆண் அதிகாரிகளைவிடத் தமக்கு ஊதியமும் சலுகைகளும் குறைவு என்று அரசிடம் முறையிட்டார். சேனை அவரைப் பணியிலிருந்து நீக்கியது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்ற அமைப்பில் உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த படியிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்றான ஐந்தாம் வட்டார நீதிமன்றம், 1972இல் அவர் வழக்கை ஏற்க மறுத்தது. ஒரு சபைக்கும் அதன் போதகருக்கும் உள்ள உறவு அச்சபையின் உயிர்நாடி என்றும், போதகருக்கு எவ்வளவு சம்பளம் தருவது, எந்த ஊருக்கு அனுப்புவது என்பவற்றில் அரசு தலையிடுவது அரசியல் சட்டம் வகுத்த எல்லையை மீறுவதாகும் என்றும் அந்நீதிமன்றம் கருதியது. ‘போதகர் விலக்கு’ எனப் பின்னாளில் பெயர் பெற்ற சட்டக் கோட்பாடு வேரூன்றிய இடம் இதுவே. ஒரு பெண்ணைத் தலைமைப் பணிக்கு உரியவராக ஏற்றுக்கொண்ட சபையில், அந்த ஏற்பே அவருடைய ஊதியக் கோரிக்கைக்குத் தடையாக நின்றது. அதே பத்தாண்டில் கலிஃபோர்னியாவில் நடந்த மற்றொரு வழக்கு இதற்கு நேர் எதிரான திசையிலிருந்து அதே கேள்வியை எழுப்பியது. அவ்வழக்கே இப்பகுதியின் பொருள்.

வழக்கை விளங்கிக்கொள்ள இரண்டு சட்டங்களை அறிந்திருக்க வேண்டும். ஒரே நிறுவனத்தில் ஒரே தன்மையுள்ள வேலையைச் செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு ஊதியம் தரலாகாது என்று விதிக்கும் சம ஊதியச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் கென்னடி 1963 ஜூன் மாதத்தில் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாவது தலைப்பு, வேலைக்கு அமர்த்துவதிலும் ஊதியத்திலும் பதவி உயர்விலும் இனம், நிறம், சமயம், பால், பிறந்த நாடு ஆகியவற்றைக் காரணமாகக் கொண்ட பாகுபாட்டைத் தடை செய்ததோடு, அதைக் கண்காணிக்கச் சம வேலைவாய்ப்பு ஆணையம் என்ற அமைப்பையும் உருவாக்கியது. சமய நிறுவனங்கள் தம் மதத்தவரையே வேலைக்குச் சேர்த்துக்கொள்ள இச்சட்டம் இடம் தந்தது. ஆனால் தம் மதத்தைச் சேர்ந்த ஆணுக்கு ஒரு கூலியும் பெண்ணுக்கு ஒரு கூலியும் தரலாமா என்பதற்கு அதில் வெளிப்படையான விடை இல்லை. அந்த விடையை நீதிமன்றங்களே தேட வேண்டியிருந்தது.

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபை, சனிக்கிழமையை ஓய்வுநாளாக அனுசரிப்பதும் கிறிஸ்துவின் இரண்டாம் வருகை அண்மையில் நிகழும் என்று நம்புவதுமான புரொட்டஸ்டன்ட் சபை. 1844 அக்டோபர் 22ஆம் நாள் கிறிஸ்து திரும்பி வருவார் என்று வில்லியம் மில்லரின் பிரசங்கத்தால் நம்பிக் காத்திருந்தவர்களின் கூட்டம் அந்நாள் கடந்ததும் சிதறிப்போக, எஞ்சிய சிறு குழுக்களிலிருந்து இச்சபை முளைத்தது. மெய்ன் மாநிலத்தில் 1827இல் பிறந்து, சிறு வயதில் முகத்தில் கல்லடி பட்டு நோயாளியாகி, அதனால் பள்ளிப் படிப்பைத் தொடர முடியாமற்போன எல்லன், 1844 டிசம்பரில் தாம் கண்டதாகக் கூறிய தரிசனமும், அதன்பின் எழுபதாண்டுகள் ஓயாமல் அவர் எழுதியவையும் பேசியவையும் அச்சபையின் போக்கை நிர்ணயித்தன. அவரும் கணவர் ஜேம்ஸ் வைட்டும் பிறரும் முன்னின்று நடத்திய முயற்சியால் 1863 மே மாதம் மிச்சிகனிலுள்ள பாட்டில் கிரீக் நகரில் சபை முறையாக அமைக்கப்பட்டபோது அதில் ஏறத்தாழ 3,500 உறுப்பினர்களே இருந்தனர். தமிழ்நாட்டுக்கு இச்சபை வந்த கதை தனிச் சிறப்புடையது: ஆங்கில மிஷனரிகளோடு முரண்பட்டுப் பிரிந்த சட்டாம்பிள்ளை என்னும் அருமைநாயகத்தின் வழியில் வந்தவர்கள், நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் ஏற்கனவே சனிக்கிழமை ஓய்வுநாளைக் கைக்கொண்டிருந்தனர், 1908இல் ஜே. எஸ். ஜேம்ஸ் என்ற அட்வென்டிஸ்ட் மிஷனரி அங்கு வந்து பணியைத் தொடங்கினார்.

ஒரு பெண்ணின் சொல்லைத் தெய்வ வழிகாட்டலாக ஏற்ற சபையில் மற்றப் பெண்களுக்கும் இடம் கிடைத்ததில் வியப்பில்லை. எல்லன் வைட்டுக்கு 1871 முதல் போதகருக்குரிய அதிகாரச் சான்று வழங்கப்பட்டு வந்தது. ஆயினும் மூப்பர்கள் தலைமீது கைகளை வைத்து ஜெபித்து ஒருவரைப் போதகராக நியமிக்கும் சடங்காகிய அபிஷேகம் அவருக்கு நடக்கவில்லை. உலகத் திருச்சபையின் நிர்வாக மையமான பொது மாநாட்டின் பொருளாளராக 1871இல் அடீலியா வான் ஹார்னும், 1877 முதல் 1883 வரை மினர்வா சாப்மனும் பணியாற்றினர். தகுதியுள்ள பெண்களைப் போதகர்களாக அபிஷேகம் செய்யலாம் என்ற தீர்மானம் 1881ஆம் ஆண்டுப் பொது மாநாட்டின் முன் வைக்கப்பட்டுச் செயற்குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. அதன்மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை. நியூயார்க் மாநிலத்தில் 1897இல் பிரசங்க உரிமம் பெற்ற லூலு வைட்மன் ஊர் ஊராகக் கூட்டம் நடத்திப் பல புதிய சபைகளை உருவாக்கினார். அவருக்குப் பின்னர் ஊழியத்துக்கு வந்த அவர் கணவருக்கு அபிஷேகம் கிடைத்தது. லூலுவுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

ஊதியத்தைப் பற்றி எல்லன் வைட் எழுதியவை அபிஷேகத்தைப் பற்றி எழுதியவற்றைவிடத் தெளிவானவை. 1891 முதல் 1900 வரை ஆஸ்திரேலியாவில் தங்கிப் பணிபுரிந்த காலத்தில், போதகர்களின் மனைவியர் செய்த உழைப்பை அவர் அருகிலிருந்து கவனித்தார். கணவர் மேடையில் பேசி முடித்த பிறகு, கேட்டவர்களை வீடு வீடாகத் தேடிச் சென்று, அடுப்படியில் அமர்ந்து வேதபாடம் சொல்லி, நோயாளிகளை விசாரித்து, திருமுழுக்குக்கு ஆயத்தப்படுத்தியவர்கள் இப்பெண்களே. சம்பளப் பட்டியலில் கணவர் பெயர் மட்டும் இருந்தது. தம் வீட்டு வேலைக்கு வேறொரு பெண்ணைக் கூலிக்கு அமர்த்தி, பிள்ளைகளை நம்பகமானவர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஊழியத்துக்குப் புறப்பட்ட அவர்களுக்கு, அந்தக் கூலியும் கைப்பணத்திலிருந்தே போனது. இது அநீதி என்று 1898இல் எல்லன் வைட் ஒளிவுமறைவின்றி எழுதினார். ஊழியத்துக்கு மனப்பூர்வமாகத் தம்மை ஒப்புக்கொடுத்த பெண்ணின் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்வது, பிறர் பொருளைக் கவர்வதற்கு ஒப்பானது என்பது அவர் நிலைப்பாடு. நிர்வாகிகள் முன்வராவிட்டால், தம் வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகச் சபைக்குச் செலுத்த வேண்டிய தசமபாகத்திலிருந்தே நிதி ஏற்படுத்தி இப்பெண்களுக்கு ஊதியம் தருவேன் என்றும் அவர் அறிவித்தார். தசமபாகம் முழுவதும் சபையின் கருவூலத்துக்கே சேர வேண்டும் என்று மற்றவர்களுக்குப் போதித்தவர் அவர். பெண்களின் கூலிக்காக அந்த விதியையே விலக்கிவைக்க அவர் துணிந்தார் என்பது இவ்விஷயம் அவர் மனத்தில் பெற்றிருந்த எடையைக் காட்டுகிறது.

1915இல் அவர் மறைந்தார். ஓய்வுநாள் பள்ளித் துறையை 1913 முதல் 1936 வரை நடத்திய ஃப்ளோரா ப்ளம்மர் போன்ற சிலர் தவிர, அடுத்து வந்த தலைமுறையில் நிர்வாகப் பொறுப்புகளிலிருந்து பெண்கள் படிப்படியாக விலகினர், அல்லது விலக்கப்பட்டனர். 1950ஐ நெருங்கும்போது, முன்பு பெண்கள் வகித்த பொருளாளர், துறைச் செயலர் பதவிகள் ஏறக்குறைய எல்லாம் ஆண்கள் கைக்கு வந்திருந்தன. பெண்கள் அலுவலகங்களில் இல்லாமற்போகவில்லை. செயலாளர்களாக, தட்டச்சர்களாக, பிழைதிருத்துபவர்களாக, ஆசிரியைகளாக அவர்கள் பெருகினர். தலைமையிலிருந்து இறங்கி உதவியாளர் நிலைக்கு வந்ததே மாற்றம். அந்த மாற்றத்தின் விளைவு சம்பளச் சீட்டில் எப்படிப் பதிந்தது என்பதை ஓர் அச்சகத்தின் கணக்கிலிருந்து காணலாம்.

பசிபிக் பிரஸ் என்ற அந்நிறுவனம் 1875இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டு நகரில் ஜேம்ஸ் வைட்டின் முயற்சியால் நிறுவப்பட்டு, 1904இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கேயுள்ள மவுன்டன் வியூவுக்கு இடம்பெயர்ந்தது. சபையின் இதழ்களையும் நூல்களையும் அச்சிட்டு விற்ற அங்கு, பணியாளர் அனைவரும் சபையின் நல்ல உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது விதி. சம்பளம் வெளிச் சந்தையைவிடக் குறைவு. தியாக ஊதியம் என்று அதைச் சபையினர் அழைத்தனர். போதகரானாலும் அச்சுக்கோப்பவரானாலும் பெரிய ஏற்றத்தாழ்வின்றி எல்லாரும் எளிமையாக வாழ்ந்து ஊழியத்தைத் தாங்க வேண்டும் என்ற அந்தக் கருத்து மதிக்கத்தக்கதே. ஆனால் அடிப்படைச் சம்பளத்தின் மீது வீட்டு வாடகைப் படி, கார் படி போன்றவை சேர்க்கப்பட்டன. அவற்றின் அளவைத் தீர்மானித்தது செய்யும் வேலையன்று, ‘குடும்பத் தலைவர்’ என்ற தகுதி. மணமான ஆண், மனைவி வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும், குடும்பத் தலைவர். மணமான பெண், வீட்டின் செலவு அவர் வருவாயில் நடந்தாலும், குடும்பத் தலைவர் அல்லர். எனவே அருகருகே இருந்த இரண்டு மேசைகளில் ஒரே வகையான கையெழுத்துப் பிரதியைச் செம்மைப்படுத்திய ஆணும் பெண்ணும் மாத இறுதியில் எடுத்துச் சென்ற தொகை வேறு வேறாக இருந்தது. தியாகம் எல்லாருக்கும் பொது என்று சொல்லப்பட்டது; அதன் பெரும் பங்கு பெண்களின் கணக்கில் எழுதப்பட்டது.

1971இல் அங்கு ஆசிரியர் குழுவில் சேர்ந்த மெரிகே சில்வர் என்ற இளம்பெண், ஒப்பான பணியைச் செய்த மணமான ஆணுக்குக் கிடைத்த படிகளைத் தமக்கும் தருமாறு 1972இல் கேட்டார். நிர்வாகம் மறுத்தது. அந்த அச்சகத்தில் நெடுங்காலம் ஆசிரியர் குழுச் செயலாளராக இருந்த லோர்னா டோப்ளர் அவருக்குத் துணை நின்றார். எல்லன் வைட் பெண்களின் ஊதியம் பற்றி எழுதியவற்றைத் தேடி எடுத்து நிர்வாகத்தின் முன் வைத்தவர்களில் டோப்ளர் முக்கியமானவர். 1973இல் சில்வர், தமக்காகவும் தம்மைப் போன்ற பிற பெண் பணியாளர்களுக்காகவும், ஒருவர் பலர் சார்பில் தொடுக்கும் கூட்டு வழக்காக அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றார். அடுத்த ஆண்டு சம வேலைவாய்ப்பு ஆணையமும் தன் சார்பில் வழக்குத் தொடுத்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இரு பெண்களும் வேலை இழந்தனர். விசுவாசிகள் தம் பிணக்குகளைப் புறத்தார் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற அப்போஸ்தலர் பவுலின் அறிவுரையைச் சபைத் தலைமை காரணமாகக் காட்டியது.

அச்சகமும் அதன் பின்னாலிருந்த திருச்சபையும் முன்வைத்த எதிர்வாதம் இவ்வரலாற்றின் மையம். பெண்களுக்குக் குறைவாகக் கொடுக்கும்படி தங்கள் வேதம் சொல்கிறது என்று அவர்கள் வாதிடவில்லை. பாலினப் பாகுபாட்டைத் தம் சபை ஏற்பதில்லை என்பதே அதன் அறிவிக்கப்பட்ட நிலை. மாறாக, அட்வென்டிஸ்ட் திருச்சபை மேலிருந்து கீழ்வரை அதிகாரம் வரிசைப்பட்ட அமைப்பு என்றும், உலகத் தலைவர் அதன் முதல் போதகர் என்றும், அச்சகத்தின் ஆசிரியர் குழுவில் இருப்போரும் அதே ஊழியத்தில் பங்குபெறும் சமயப் பணியாளர்களே என்றும், ஆகவே மெக்ளூர் தீர்ப்பின்படி அரசு இதில் தலையிட முடியாது என்றும் வாதம் அமைந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகார அடுக்கைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டித்து எழுதிய ஒரு சபை, நீதிமன்றத்தில் தன்னையும் அத்தகைய அடுக்காகச் சித்திரித்ததைக் கண்டு சபையினர் பலரே அதிர்ந்தனர். அதனினும் ஆழமான முரண் ஒன்று உண்டு. 1973 செப்டம்பரில் ஒஹாயோவிலுள்ள மோஹேவன் முகாமில் பெண்களின் பங்கைப் பற்றி ஆராயச் சபையே ஒரு குழுவைக் கூட்டியிருந்தது. பெண்களுக்கு அபிஷேகம் தரலாமா என்ற கேள்விக்கு அதன் பின்னும் தலைமை இணக்கம் தரவில்லை. அபிஷேகம் கேட்டு நின்ற பெண்ணிடம் நீ போதகர் ஆக முடியாது என்று சொன்ன அதே தலைமை, சம ஊதியம் கேட்டு நின்ற பெண்ணிடம் நீ போதகரைப் போன்றவள், ஆகவே சட்டம் உன்னைக் காக்காது என்றது. இவ்விரண்டு கூற்றுகளும் ஒரே பத்தாண்டில், ஒரே நிர்வாகத்திலிருந்து வந்தவை. சட்ட ஆலோசகர்கள் வகுத்த உத்தி என்று அதை விளக்கலாம், நியாயப்படுத்த இயலாது.

ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. பெயரையோ பதவிப் பட்டத்தையோ பார்க்காமல், அப்பெண்கள் நாள்தோறும் செய்த வேலையை அது பார்த்தது: தட்டச்சு செய்தல், பதிவேடுகளைப் பேணுதல், ஆசிரியர் குழுவின் அலுவல்களை ஒழுங்குபடுத்துதல். இவை சபையின் அச்சுப்பணிக்கு இன்றியமையாதவையாக இருக்கலாம். போதகரின் பணியைப் போல, அல்லது இறையியல் கல்லூரி ஆசிரியரின் பணியைப் போல, சபையின் இதயத்தைத் தொடுபவை அல்ல என்று நீதிமன்றம் முடிவு செய்தது. பாகுபாட்டைச் சபையின் கோட்பாடே ஆதரிக்காத நிலையில், சம ஊதியம் தரச் சொல்வது எந்த விசுவாசத்தையும் புண்படுத்தாது என்றும் கூறியது. நீதிமன்றம் சென்றவரைப் பழிவாங்கும் விதத்தில் வேலைநீக்கம் செய்ததையும் அது அனுமதிக்கவில்லை. தண்டனைக்கு அஞ்சி எவரும் முறையிட முன்வராவிட்டால் சட்டம் ஏட்டளவில் நின்றுபோகும் என்பதே அதன் அடிப்படை. சில்வர், பின்னர் மெரிகே மெக்லியட் என்ற பெயரில், இப்போராட்டத்தைப் பற்றி 1985இல் ஒரு நூல் எழுதினார். வழக்கு நடந்த ஆண்டுகளிலேயே வட அமெரிக்காவில் குடும்பத் தலைவர் என்ற பாகுபாட்டைத் தன் ஊதிய விதிகளிலிருந்து திருச்சபை அகற்றத் தொடங்கியிருந்தது. அதன் பயன் பசிபிக் பிரஸ்ஸின் சுவர்களுக்குள் நிற்காமல், சபையின் மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் உழைத்த பெண்களையும் சென்றடைந்தது. பதவியேதும் இல்லாத இரண்டு பெண்கள் பெற்றுத்தந்த நன்மை அது.

குடும்பத் தலைவர் படி அட்வென்டிஸ்டுகளின் தனிக் கண்டுபிடிப்பன்று. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் கிறிஸ்தவப் பள்ளி மணமான ஆண்களுக்கும் மணமாகாதவர்களுக்கும் மட்டும் மருத்துவக் காப்பீடு தந்து, மணமான ஆசிரியைகளை விட்டுவிட்டது. 1986இல் அதே ஒன்பதாம் வட்டார நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது. வர்ஜீனியாவின் ரோவனோக்கிலுள்ள ஷெனன்டோவா பாப்டிஸ்ட் சபையின் பள்ளியோ, ஆணே மனைவிக்குத் தலை என்ற வேத போதனையை வெளிப்படையாகவே காரணம் காட்டி ஆண் ஆசிரியர்களுக்குக் கூடுதல் தொகை கொடுத்தது. வேதத்தின்மீது நின்று வாதாடிய அவ்வழக்கு பசிபிக் பிரஸ்ஸின் வழக்கைவிட நேர்மையானது எனலாம். ஆனால் பெண்ணுக்குக் குறைவாகக் கொடுக்க வேண்டும் என்று வேதம் கட்டளையிடவில்லை என்பதை அச்சபையினரே சாட்சியத்தில் ஒப்புக்கொண்டனர். 1990இல் நான்காம் வட்டார நீதிமன்றம் சம ஊதியச் சட்டம் அப்பள்ளிக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது.

அட்வென்டிஸ்ட் சபைக்குள் ஊதியமும் அபிஷேகமும் இதற்குப் பின் வெவ்வேறு பாதையில் சென்றன. பெண் போதகர்கள் எண்ணிக்கையில் வளர்ந்தனர். அபிஷேகத்துக்குப் பதிலாக ‘நியமிக்கப்பட்ட ஊழியர்’ என்ற சான்று அவர்களுக்கு உருவாக்கப்பட்டு, வட அமெரிக்காவில் ஆண் போதகர்களுக்குரிய ஊதிய அட்டவணையிலேயே அவர்களும் இடம்பெற்றனர். அபிஷேகமோ உலக மாநாட்டில் மூன்று முறை வாக்கெடுப்புக்கு வந்து மூன்று முறையும் தோற்றது: 1990இல் இண்டியானாபொலிஸில் 1,173க்கு 377, 1995இல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் 1,481க்கு 673, 2015இல் சான் அன்டோனியோவில் 1,381க்கு 977. எதிர்ப்பு வாக்கின் பங்கு கால் நூற்றாண்டில் குறைந்துவந்ததை இவ்வெண்கள் காட்டுகின்றன. இதற்கிடையில், 2013 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் தென்கிழக்கு மாநாட்டுப் பகுதி சான்ட்ரா ராபர்ட்ஸைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அபிஷேகம் பெற்ற போதகரே அப்பதவியை வகிக்கலாம் என்று விதியைப் பொருள்கொண்ட உலகத் தலைமை அத்தேர்வை ஏற்க மறுத்தது. சம்பளத்தில் சமமாக நின்ற பெண் அதிகாரத்தில் சமமாக நிற்க முடியவில்லை.

நாட்டின் நீதிமன்றங்களில் நிலைமை மீண்டும் திரும்பியது. 2012இல், மிச்சிகனிலுள்ள ஹொசான்னா தாபோர் என்ற லூத்தரன் சபைப் பள்ளியின் ஆசிரியை ஒருவரின் வழக்கில், நாற்பதாண்டுகளாகக் கீழ் நீதிமன்றங்களில் வளர்ந்துவந்த போதகர் விலக்கை உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஏற்றது. அந்த ஆசிரியைக்குச் சபை அளித்த சமயப் பட்டமாவது இருந்தது. 2020இல், கலிஃபோர்னியாவின் இரண்டு கத்தோலிக்கப் பள்ளிகளைப் பற்றிய வழக்குகளில், அத்தகைய பட்டமோ ஆழ்ந்த இறையியல் பயிற்சியோ தேவையில்லை, பிள்ளைகளுக்குச் சமயம் கற்பிப்பதே போதும் என்று ஏழு நீதிபதிகள் இருவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். பசிபிக் பிரஸ்ஸின் வழக்கறிஞர்கள் தட்டிய கதவு, தட்டச்சு மேசைவரை இல்லாவிட்டாலும், வகுப்பறைவரை இப்போது திறந்திருக்கிறது. குருப்பட்டம் பெண்ணுக்கு ஒருபோதும் இல்லை என்று சொல்லும் சபையின் பள்ளியிலும், கணக்கும் வாசிப்பும் கற்பித்துவிட்டு நாளுக்கு அரைமணி ஞானபாடம் சொல்லித்தரும் ஆசிரியை, சம ஊதியம் கேட்டு வழக்காட வந்தால், அவரும் போதகரே என்ற பள்ளியின் வாதத்தை முதலில் எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.

அரசே போதகருக்குச் சம்பளத்தை நிர்ணயித்த நாடுகளில் இக்கேள்வி வேறு வடிவம் எடுத்தது. 1958இல் பெண்களுக்குக் குருப்பட்டத்தைத் திறந்து, 1960இல் மூன்று பெண்களை அப்பணியில் அமர்த்திய சுவீடன் அரசுத் திருச்சபையின் வரலாற்றை அடுத்த பகுதி எடுத்துக்கொள்ளும்.